பழைய இடத்துக்கு ஒரு கும்பிடு

“அடுப்பக் கொஞ்சம் அங்கால தள்ளுங்க மாமி, மானிட்டர் உருகிரும்!”

அஜந்தா பதறினாள். ஆரையம்பதிச் சந்தியில் அவளுடைய கொம்பியூட்டர் கடை. கணினி மேசையிலேயே மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி, புதுச் சட்டியில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள் இராசாத்தி. முகத்தில் கோயில் பூசைக்கு நிற்கிற பக்தி.

“வீடு மாறக்குள்ள பால் காய்ச்சாம விடுறதா?” என்றார் அவள் புருஷன் நல்லரத்தினம். “என்ட வெப்சைட்டும் வீடுதானே மாறுது.”

நல்லரத்தினத்துக்கு வாவியில் தோணி. விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கண்டல் காடும் பறவைகளும் காட்டுவார். ‘மட்டக்களப்பு வாவித் தோணி’ என்று உலகத்தின் எந்த மூலையிலிருந்து தேடினாலும் கூகுளில் முதலாவதாக வருவது அவர் தோணிதான். அதை நம்பித்தான் வீட்டில் உலை வைக்கிறார்கள். இப்போது அந்த வெப்சைட்டை வைத்திருக்கிற கம்பெனி கடையைப் பூட்டப் போகிறதாம். வேறு கம்பெனியின் இடத்துக்கு மாற்றியாக வேண்டும்.

“முதலிடம் போகாதுதானே புள்ள?” வந்ததிலிருந்து இதையேதான் கேட்கிறார். “நம்மட உதயரூபன் கருவாட்டுக் கடைச் சைட்ட மாத்தினான். அஞ்சாம் பக்கத்துல போய்க் கிடந்தான். அங்க காகமும் போகாது.”

“அவர் இரிந்த வீட்ட இடிச்சுப் போட்டு மறுகா புது வீடு தேடினவர் மாமா. நாம அப்பிடியில்ல. சாமான் எல்லாத்தையும் முதல்லயே புது இடத்துல அப்பிடியே அடுக்கிட்டன். ஒவ்வொரு பக்கத்துட விலாசமும் பழைய மாதிரியே இரிக்கு. பேர மட்டும் அங்கால திருப்பினாச் சரி. தேடி வாறவங்களுக்கு வீடு மாறினதே தெரியாது.”

“கூகுளுக்கு?”

“விலாசம் சரியா இரிந்து, கதவும் கெதியாத் திறந்தா அதுக்குப் போதும். சுவர் ஆருட எண்டு கேக்காது.”

நல்லரத்தினத்துக்கு மனம் ஆறவில்லை.

“இந்தக் கிழமை மாதிரி ஒரு கிழமை நான் கண்டதில்ல புள்ள. புதன்கிழமையில இரிந்து போன் ஓயல்ல. கனடா ஆக்கள், சுவிஸ் ஆக்கள். தோணியில சவள் வலிச்சு வலிச்சுத் தோள் ரெண்டும் கழண்டு போச்சு. எல்லாம் அந்தப் பழைய இடத்துட ராசி. அத எப்பிடி விட்டுப் போற?”

இராசாத்தி சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கதைக்காம நேரத்தப் பாருங்க.”

நேரம் பார்ப்பது அவர் பொறுப்பு. அஜந்தா ‘இண்டைக்கே மாத்துவம்’ என்று சொன்ன நாளெல்லாம் ஒன்றில் கரிநாள், இல்லாவிட்டால் அட்டமி, அதுவும் இல்லாவிட்டால் மரணயோகம். இழுத்து இழுத்து, கடைசியில் இந்த வெள்ளிக்கிழமை காலைதான் அவராலும் குறை சொல்ல முடியாமல் அகப்பட்டது.

பால் நுரைத்தது. எழும்பிச் சட்டி விளிம்பைத் தொட்டது.

“பொங்கிட்டு! பொத்தான அமத்துங்க!” என்று கத்தினாள் இராசாத்தி.

அஜந்தா கீபோட்டைத் திருப்பி ஒரு பொத்தானைக் காட்டினாள். சவள் பிடித்துக் காய்த்துப்போன விரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பிள்ளையாரைக் கூப்பிட்டு அதை அழுத்தினார் நல்லரத்தினம். திரை ஒருதரம் சிமிட்டியது. மறுபடியும் அவர் தோணி வந்து நின்றது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் மாமா.”

“கூகுள்ல தேடு பாப்பம்.”

தேடினாள். முதலாவது அவர்தான். நல்லரத்தினத்தின் நெஞ்சு நிமிர்ந்தது.

“பாத்தியா புள்ள? நேரம் காலம் எல்லாம் பொய்யெண்டு சிரிச்சாய். நாள் பாத்துச் செஞ்சா ஒரு இலையும் அசையாது.”

இராசாத்தி பாலில் சீனி போட்டு மூன்று கோப்பையில் ஊற்றினாள். ஒரு வாய் குடித்ததும் நல்லரத்தினத்துக்கு மனம் இளகிவிட்டது.

“இனி அந்தப் பழைய இடத்த ஒருக்காக் காட்டு. இவ்வளவு நாளும் சோறு போட்ட இடம். ஒரு கும்பிடு போட்டுத்து வாறன்.”

அஜந்தாவின் கோப்பை வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது. அவள் இராசாத்தியைப் பார்த்தாள். இராசாத்தி, சட்டி கழுவப் போகிறவள் போல எழுந்தாள்.

“அது... இல்ல மாமா.”

“இல்லையெண்டா?”

“செவ்வாய்க்கிழமையே அந்தக் கம்பெனி சொல்லாமக் கொள்ளாமப் பூட்டிட்டு. உங்கட சைட்டும் படுத்திட்டு. நீங்க வாவியில நிண்டீங்க, நான் போன் அடிக்க மாமிதான் எடுத்தாங்க. அந்த நிமிசமே புது இடத்துக்குத் திருப்பிட்டன்.”

புதன்கிழமையிலிருந்து ஓயாமல் அடித்த போன், நல்லரத்தினத்தின் காதுக்குள் இன்னொரு முறை அடித்தது.

“செவ்வாய்க்கிழமை... எத்தின மணிக்கு?”

“பின்னேரம் மூண்டரைக்கு.”

“ஐயோ, அது ராகு காலம்!”

“அதத்தான் நானும் சொன்னன் மாமா. மாமிதான், ‘நீ மாத்து புள்ள, வெள்ளிக்கிழமை பால் நான் கொண்டு வாறன்’ எண்டாங்க.”