பாட்டில்ல பிடிச்ச பழைய பிரேக் ஆயில்

"மிதி!"

மிதிச்சேன்.

"பிடிச்சுக்கோ, விடாத... ம், இனி விடு!"

ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டு வந்து சேலைகூட மாத்த விடாம, இந்த மனுசன் என்னைக் கார்ல உக்கார வெச்சு ஒரு மணிக்கூறு ஆச்சு. அடுப்புல மீன்கறி கிடக்கு. இவரு பின்வீலுக்குக் கிட்ட மல்லாந்து கிடந்து பிரேக் ஆயில் மாத்துறாராம். போன்ல வீடியோ பாத்துப் படிச்ச படிப்பு!

"அமரவிளையில ஒர்க்ஷாப்புல குடுத்தா அரை மணிக்கூறு வேலை. நாலு காசு செலவாக்க இப்படியும் உண்டா ஒரு பிசுக்கு?"

"நீ மிதி ஜிஜா."

பழைய ஆயில் வெளிய வர அவரு நட்டை இளக்கும்போ, பெடலோட கால் அப்படியே கீழ போச்சு. சட்டுனு காலை எடுத்துட்டேன்.

"எடி, நட்டை முறுக்கும் முன்னால விட்டுட்டியே! பைப்புக்குள்ள காத்து கேறிப்போச்சு. இனி முதல்ல இருந்து!"

நடையில இருந்த மாமி, இவருக்க அம்மா, விடுவாளா? "எலே பிபினே, போயும் போயும் அவகிட்டயா சொன்ன? பிரேக்குன்னு ஆக்சிலேட்டரை மிதிச்சவளாக்கும் அவ!"

சொல்லிட்டு, முறிஞ்சு கூடின கையை ஒருக்கத் தடவிக்கிட்டா.

எனக்குக் கண்ணு நிறைஞ்சுது. நாலு மாசமா இதே பேச்சு. அம்பூரியில ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வரும்போ, எறக்கத்துல நானாக்கும் ஓட்டினேன். மிதிச்ச பிரேக் இப்படித்தான் கீழ போச்சு. வண்டி ரப்பர் மரத்துல இடிச்சு மாமிக்க கை முறிஞ்சுது. மறுநாள் ஒர்க்ஷாப்புல பாத்தா பிரேக் நல்லா பிடிக்குது! "பதறி மாத்தி மிதிச்சிருப்பா"ன்னு மொதல்ல சொன்னதே இவருதான். அதுக்குப் பொறவு நான் சாவியைத் தொடல்ல. வேலைக்குக் கள்ளிக்காட்டுக்கு ரெண்டு பஸ் மாறிப் போறேன். ஒருவேளை மாத்தித்தான் மிதிச்சேனோன்னு எனக்கே சந்தேகம் வந்தாச்சு.

ஒருவழியா வேலை முடிஞ்சுது. பழைய ஆயிலைப் பிடிச்ச பாட்டிலைத் துடைச்சு மூடி போட்டாரு. உள்ள பாலில்லாத கட்டன்சாயா நிறம்.

"அதையும் பத்திரமா வெச்சுக்கிடுங்க, கொழம்பு தாளிக்க ஆகும்!"

"ஒர்க்ஷாப்புல குடுத்தா இதைக் கொட்டிருவான். எனக்கு இது வேணும்."

நேரே நடைக்குப் போய் மாமிக்க முன்னால வெச்சாரு.

"அம்மா, பாரு. புதுசு தேன் நிறத்துல இருக்கும். இது ஈரம் ஏறிக் கெட்டுப்போனது. எறக்கத்துல மிதிச்சு மிதிச்சு வந்தா சூட்டுல கொதிக்கும், பிரேக் பிடிக்காது. ஆறினா திரும்பப் பிடிக்கும். அதாக்கும் மறுநாள் பிடிச்சது. இவ மிதிச்சது பிரேக்கைத்தான்."

மாமி பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பாத்தா.

"அப்போ ஆருக்க தப்புலே?"

"உனக்க கையை முறிச்சது இவ இல்ல அம்மா. அஞ்சு வருசமா இதை மாத்தாத நானாக்கும்."