இங்கே தும்மக் கூடாது

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு காப்பிக்கொட்டைக் கடையாம். அந்தக் கடைக்குப் புதுசாக ஒரு மாப்பிள்ளை வந்தாராம். வந்த மூன்றாம் நாளே ஒரு தும்மலைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாராம்.

தும்மியது பொட்டலக்கா. வறுத்த கொட்டையைப் பொட்டலம் போடுகிறவர் என்பதால் அந்தப் பெயர். வறுவல் அறையின் மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு ஒரு தும்மல் போட்டார். கூரைத் தகரம் அதிர்ந்தது.

"ஹ… ஹச்சூ."

வறுக்கும் மெஷினருகே நின்ற வறுவல் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையிலிருந்த பிடியை வெடுக்கென்று இழுத்தார். உருளையின் கதவு திறந்து, வறுபட்ட கொட்டை சலசலவென்று தட்டில் கொட்டியது.

"இந்தத் தும்மலுக்கு ஒருநாள் என் உசுரு போகப்போகுது" என்றார் மாஸ்டர், சுவரைப் பார்த்து.

பொட்டலக்காவிடம் அவர் நேருக்கு நேர் பேசி நாலு வருஷம் ஆகிறது. ஏன் என்று கேட்டால் இரண்டு பேருமே சொல்வதில்லை.

அன்றைக்கு ஆறு ஈடு வறுத்தார்கள். ஆறு தும்மல். ஆறு தடவையும் மாஸ்டர் பதறித்தான் பிடியை இழுத்தார். எல்லாவற்றையும் மாப்பிள்ளை நோட்டில் குறித்துக்கொண்டார்.

"மாஸ்டர், எப்போ திறக்கணும்னு எப்படித் தெரியும்?"

"எல்லாம் காதுதான், மாப்பிள்ளை. கொட்டை ரெண்டு தடவை வெடிக்கும். முதல் வெடி சோளம் பொரியற மாதிரி. செவிடனுக்கும் கேட்கும். ரெண்டாவது, சருகை மிதிக்கிற மாதிரி மெல்லிசா வரும். அது கேட்டதும் திறந்துடணும். கொஞ்சம் அசந்தா கரிதான்." காதைத் தட்டிக் காட்டினார். "முப்பது வருஷக் காது."

மாப்பிள்ளைக்கு விஷயம் விளங்கிவிட்டது. இவ்வளவு நுணுக்கமான வேலைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு பீரங்கியை உட்கார வைத்தால் என்ன ஆகும்?

மறுநாள் காலை வறுவல் அறைக் கதவில் ஓர் அட்டை தொங்கியது: 'இங்கே தும்மக் கூடாது.'

"தும்மல் என்னைக் கேட்டுக்கிட்டா வருது, மாப்பிள்ளை?" என்றார் பொட்டலக்கா.

"அதனாலதான் அக்கா, நீங்க முன்னாடி கல்லாப் பக்கம் உட்காருங்க. அங்கே எத்தனை வேணாலும் தும்முங்க."

"அங்கே எனக்குத் தும்மல் வராதே."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

பொட்டலக்கா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் சுவரைப் பார்த்தார்.

"அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்று முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனார் பொட்டலக்கா.

முதல் ஈடு கருகியது. "கொட்டையில ஈரம் பத்தலை" என்றார் மாஸ்டர்.

இரண்டாவதும் கருகியது. "தீ சரியில்லை" என்றார்.

மூன்றாவது ஈட்டை மெஷினில் போடும்போது, முன்பக்கம் வரை புகை போய், வாங்க வந்தவர்கள் தும்ம ஆரம்பித்திருந்தார்கள். கடை முதலாளியான மாமனார் ஒரு கை கருகலை அள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, நாம காப்பிக் கடை வச்சிருக்கோமா, கரிக் கடையா?"

"இப்போ சரியாயிடும், மாமா."

மாமனார் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஆள் கையில நேத்து வரைக்கும் ஒரு கொட்டை கருகினதில்லை. வயசாயிடுச்சு போல. இந்த ஈடும் இப்படி வந்தா, நாளையிலேர்ந்து வர வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க."

சொல்லிவிட்டு வாசலிலேயே கை கட்டி நின்றுகொண்டார்.

மாப்பிள்ளை மெஷினை ஒட்டிப் போய் நின்றார். முதல் வெடி சோளம் பொரிகிற மாதிரி வந்தது, ஓய்ந்தது. அப்புறம் சருகு மிதிபடுகிற மாதிரி, மெல்லிசாக, இரண்டாவது. மாப்பிள்ளைக்குத் தெளிவாகக் கேட்டது.

மாஸ்டரின் கை பிடியில்தான் இருந்தது. இழுக்கவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. கண் உருளையில் இல்லை. மூலையில், முக்காலி இருந்த வெறும் தரையில் இருந்தது.

'மாஸ்டர், வெடிக்குது' என்ற சொல் மாப்பிள்ளைக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. வாசலைப் பார்த்தார். மாமனார் அசையாமல் நின்றார்.

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். மூக்கைச் சுருக்கினார். தலையைப் பின்னால் சாய்த்தார்.

"ஹ… ஹ… ஹச்சூ."

பிடி இழுபட்டது. கொட்டை தட்டில் கொட்டியது. மாமனார் வந்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"ம். வறுவல் ஒரு நூல் கூடுதல். ஆனா இது நம்ம கடைக் கொட்டை." கதவைப் பார்த்தார். "ஏன் மாப்பிள்ளை, அந்த அட்டை நீங்க மாட்டினதுதானே?"

"தும்மல் என்னைக் கேட்டுக்கிட்டா வருது, மாமா?"

மாமனார் தலையில் அடித்துக்கொண்டு முன்பக்கம் போனார்.

"மாப்பிள்ளைக்கும் தொத்திக்கிச்சு" என்றார் மாஸ்டர் சுவரிடம்.

மாப்பிள்ளை அட்டையைக் கழற்றி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார்.

"அக்கா, நீங்க உள்ளேயே உட்காருங்க."

பொட்டலக்கா எழுந்தார். முக்காலியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஏன்க்கா, 'வெடிக்குது, திறங்க'ன்னு வாயாலயே சொல்லிடலாமே?"

"ஒரே ஒரு தடவை சொன்னேன், மாப்பிள்ளை. அதுலேர்ந்துதான் அவர் என்கிட்ட பேசறதில்லை."

இரண்டடி நடந்தவர் நின்று திரும்பினார்.

"நீங்க நல்லாத்தான் தும்மினீங்க. ஆனா வாசனையே சொல்லுது, கொஞ்சம் லேட்டு. முதல் சருகுச் சத்தத்துக்கே மூக்கைச் சுருக்கிடணும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே நடந்தார்.