பவளத்தின் அறை

அந்தத் தெருவில் ஏசி வைக்க அனுமதி உள்ள ஒரே வீடு கடலாய்வாளர் பெனிட்டாவுடையது. அந்த அனுமதியும் மனிதர்களுக்கு அல்ல; பின்னறையில் கண்ணாடித் தொட்டிக்குள் வளரும் பவளப்பாறைக்கு. தூத்துக்குடிக் கடலில் அந்த இனம் இப்போது இல்லை.

வெயில் ஏறியதும் குடும்பமும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பாயோடு அங்கே வந்துவிடுவார்கள். தொட்டியை யாரும் தொட மாட்டார்கள்.

இந்த வாரம் பவளத்தின் ஓரங்கள் கரையத் தொடங்கின. தண்ணீரில் அமிலம் கூடியிருந்தது. பெனிட்டா உப்பைச் சோதித்தாள், விளக்கை மாற்றினாள், பம்பைக் கழற்றிக் கழுவினாள். அமிலம் காட்டும் மீட்டரில் மாற்றமில்லை. பிறகுதான் பாய்களில் படுத்திருந்த ஒன்பது பேரைப் பார்த்தாள்.

"நாம விடுத மூச்சுதான் தண்ணியில கரைஞ்சு அமிலமாவுது," என்றாள் கணவனிடம்.

"அப்ப சன்னலத் திறந்துருவோமா?" என்றான் ரொசாரியோ.

"திறந்தா சூட்டுலயே அது செத்துரும். ஆளுதான் குறையணும்."

ரொசாரியோ முதலில் எழுந்தான். மற்றவர்களும் பாயைச் சுருட்டினார்கள். ஆறு வயது மகள் ஜெனோவா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"யம்மா, நான் மூச்ச அடக்கிக்கிடுதேன். இங்கனயே இருக்கட்டா?"

கன்னங்களை உப்ப வைத்து, மூச்சை அடக்கிக் காட்டினாள்.

பெனிட்டா மீட்டரைப் பார்த்தாள்.