ஜெர்மன்காரர் வீட்டு ஃபிரிட்ஜ்

"பழசு எதுவும் இல்லையா அக்கா?" தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டான் செலோம்.

கடைக்காரி செர்வா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். கடை முன்னால் ஐந்து நட்சத்திரம் ஒட்டிய புது ஃபிரிட்ஜ்கள் தூசி படிந்து நின்றன. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பெட்டி என்று அரசாங்கம் வானொலியில் தொண்டை கிழியப் புகழ்ந்தது. கானா நாட்டுத் தலைநகர் அக்ராவின் ஜனங்கள் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஐரோப்பாவில் இருபது வருடம் உழைத்துக் களைத்த பெட்டியைத் தேடிப் போனார்கள்.

"பழசு விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குண்ணே," என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "பின்னால வாங்க."

அந்தச் சட்டத்தின் ஆள்தான் செலோம், மின்சிக்கன ஆய்வாளன். மூன்று மாதமாக ஒரு பழைய ஃபிரிட்ஜ்கூடச் சிக்கவில்லை. இந்த வாரமும் வெறுங்கையோடு வந்தால் வடக்கு எல்லைக்கு மாற்றல் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். கைக்குழந்தையோடு அங்கே எப்படிக் குடித்தனம் நடத்துவது?

கொல்லையில் தார்ப்பாயை விலக்கினாள் செர்வா. உள்ளே இருந்த பெட்டிக்கு உடம்பெல்லாம் கீறல், கதவில் ஒரு நசுங்கல்.

"ஜெர்மன்காரர் வீட்டுல ஓடினது. இரும்புண்ணே, இரும்பு!"

ஸ்விட்சைப் போட்டாள். செலோம் காதை வைத்துப் பார்த்தான்.

"ஓடுதா இல்லையான்னே தெரியலையே?"

"வெள்ளைக்காரன் செஞ்ச மோட்டாருண்ணே. சத்தம் வருமா?"

புதியதைவிட ஒன்றரை மடங்கு விலை சொன்னாள். செலோம் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினான்.

"பெட்டி பறிமுதல்! கடைக்கு சீல்!"

கையோடு மேலதிகாரிக்குப் போன் போட்டு, "சிக்கிடுச்சு சார்!" என்று பெருமையும் அடித்துக்கொண்டான். அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

செர்வாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கல்லாப்பெட்டிக்கு ஓடிப்போய் எதையோ எடுத்துவந்து அவன் கையில் திணித்தாள்.

"எனக்கே லஞ்சமா?"

கையை விரித்துப் பார்த்தான். உள்ளூர்த் தொழிற்சாலையின் ரசீது, போன வாரத் தேதியில். அதோடு, பதமாக உரித்தெடுத்த ஐந்து நட்சத்திர ஸ்டிக்கர்.

"அப்போ... இந்தப் பெட்டி..."

அவன் வாயைப் பொத்தாத குறையாகக் கெஞ்சினாள் செர்வா.

"மெதுவா பேசுங்க சார், புதுசுன்னு தெரிஞ்சா ஒரு பய வாங்க மாட்டான்!"