எல்லா அரிசியும்

சுளகில் பரப்பிய அரிசியிலிருந்து வெள்ளை மணிகளை மட்டும் அவள் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மெலிந்த, நீண்ட பொன்னி மணிகள் மட்டும்.

சிவப்புச் சம்பாவை ஒதுக்கினாள். குண்டு இட்லி அரிசியை ஒதுக்கினாள். ரேஷன் அரிசியின் பழுப்பையும் ஒதுக்கினாள்.

சனிக்கிழமை மத்தியானம். உட்கார்ந்து அரை மணி நேரமாகியும் உள்ளங்கைக் குழிகூட நிறையவில்லை.

மகள் கெத்சிக்கு ஆறு வயது. நாளை வேதக்கோயிலில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கு ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவர வேண்டும் என்று நேசமலர் டீச்சர் சொல்லியிருந்தார். இல்லாத வீடுகளுக்குக் கொடுப்பதற்காம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுக்கக் கூடாதாம். சிரித்துக்கொண்டே கொடுக்க வேண்டுமாம்.

ஒரு வாரமாகக் கெத்சி கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

அந்த இல்லாத வீடுகளில் தங்கள் வீடும் ஒன்று என்பது கெத்சிக்குத் தெரியாது.

கொத்து வேலைக்குப் போன கணவன் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்து எட்டு மாதம். அந்த எட்டு மாதமும், மாதம் தவறாமல் ஒரு பை அரிசி கோயிலிலிருந்து வந்தது. சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்து, காணிக்கையாகக் கொண்டுவரும் அரிசி. அது யார் வீட்டுக்குப் போகிறது என்று போதகருக்கும், மணியடிக்கும் கோயில்குட்டியாருக்கும் மட்டுமே தெரியும்.

நாற்பது வீட்டு அரிசி ஒரே பையில்.

உலையில் பொன்னி குழைந்த பிறகும் சம்பா விறைத்து நிற்கும். அந்தச் சோற்றை வடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் ஸ்தோத்திரம் சொன்னாள். மனதுக்குள்.

இந்த அரிசியை அப்படியே கொண்டுபோனால் போதும். கண்ணுள்ள எந்தப் பெண்ணுக்கும் இது கோயில் அரிசி என்று ஒரு நொடியில் விளங்கிவிடும்.

கட்டிலிலிருந்து கணவன் தலையைத் திருப்பினான்.

“ஒரு பிடி அரிசிக்கா இப்படிக் கண்ணப் பொட்டையாக்குத?”

அவள் அடுத்த மணியைப் பொறுக்கினாள்.

சாயங்காலத்துக்குள் ஒரு பிடி சேர்ந்தது. ஒரே நிறம். கைக்குட்டையில் முடிந்து, கெத்சியின் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கொடுப்பதற்குச் சந்தோஷம் வேண்டுமாம். அவளுக்கு இருந்ததெல்லாம் பயம்.



ஞாயிறு காலை. ஆராதனைக்கு இன்னும் நேரமிருந்தது.

பக்கத்து அறையில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நடுவில் ஒரு எவர்சில்வர் அண்டா. மற்ற அம்மாமாரோடு அவளும் ஜன்னலோரம் நின்றாள்.

ஒவ்வொரு பிள்ளையும் சிரித்துக்கொண்டே கொட்டியது. ஒரு பையன் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கப்போய்ப் பாதியைத் தரையில் சிந்தினான்.

கெத்சியின் முறை வந்தது.

கைக்குட்டை புடைத்திருந்தது. முடிச்சு வேறு மாதிரி இருந்தது.

கெத்சி அவிழ்த்தாள். வெள்ளையும் சிவப்பும் பழுப்புமாகச் சரிந்து விழுந்தது.

ஜன்னல் கம்பியை அவள் இறுகப் பிடித்தாள்.

“டீச்சர், இவ அரிசியப் பாருங்க. எல்லாம் கலந்து கெடக்கு” என்றான், சிந்திய பையன்.

கெத்சி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“ஒங்க வீட்ல ஒரே அரிசிதான் இருக்கா? எங்க வீட்ல எல்லா அரிசியும் இருக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பழகி வைத்திருந்ததைவிடப் பெரிய சிரிப்பு.

அம்மாமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் செருப்பைப் பார்த்தாள்.

நேசமலர் டீச்சர் அண்டாவைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். அவள் கண்ணும் டீச்சர் கண்ணும் சந்தித்தன. டீச்சர் மெதுவாகக் குனிந்து, கெத்சியின் கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு மணியை எடுத்து அண்டாவில் போட்டார்.

“எங்க வீட்லயும் ஒண்ணுதாம்மா இருக்கு” என்றார்.



கோயிலுக்குள் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டு முடியும்வரை தலை தூக்கவில்லை. பிறகு மகளின் காதருகே குனிந்தாள்.

“ஏட்டி, நான் கட்டி வச்சத ஏன் அவுத்த?”

“இன்னொரு பிடி போட்டேன்.”

“எதுக்கு?”

“அது ஒனக்காகம்மா. நீ பொறுக்கிக்கிட்டேதான இருந்த? நீ ஒண்ணும் குடுக்கலல்லா.”

அவள் பிள்ளையின் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். எண்ணெய் வைத்துச் சீவிய தலை. அந்த எண்ணெய்கூட யாரோ கொடுத்ததுதான்.

போதகர் முன்னால் வந்தார். கிடைத்த நன்மைக்கு ஸ்தோத்திரம் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார்.

ஒருவர் எழுந்து, மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். இன்னொருவர் பேத்தி பிறந்ததைச் சொன்னார். சபை ஆமென் என்றது.

பிறகு யாரும் எழவில்லை.

போதகர் ஜெபப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினார்.

அவள் சேலைத் தலைப்பைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். முன் பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

போதகரின் கை நின்றது.

வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின.

“எங்க வீட்ல…” என்று அவள் தொடங்கினாள்.

கெத்சி செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சின்மேல் ஏறி, எல்லோருக்கும் தெரியும்படி அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.