வாரேனுங்க

முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாத்ரூம் வடிவமைக்கும் அருண்குமாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆர்.எஸ்.புரம் ஷோரூமுக்குப் பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன சித்திகாவைக் காணோம். போன் செய்தான்.

“ஏனுங்க, எங்க இருக்கறீங்க?”

“உங்க கடைக்குக் கீழதானுங்க. நீங்க கட்டற பாத்ரூம்ல படி ஏதும் தடுக்காதுங்களா?”

“ஒத்தப் படிகூட இருக்காதுங்க! வீல்சேர் நேரா உள்ள போயிரும். மேல வாங்க, நேர்லயே காட்டறேன்.”



“சரிங்க, வாரேனுங்க.”

இரண்டு டீ வரவழைத்தான். டீயில் ஆடை படிந்தும் யாரும் வரவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

தெருமுனையில் ஒரு பெண் தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

விடைபெறும்போதும் ‘வாரேனுங்க’ என்றுதானே சொல்வார்கள்!

மாடியிலிருந்து இறங்கி ஓடினான். இருபத்திரண்டு படி.