மிக்சி சத்தத்துக்கு அடியில்

வீட்டுச் சுவர்களே பேச்சைப் பதிவுசெய்யத் தொடங்கியிருந்த காலம். குடும்ப நீதிமன்றத்துக்கு வரும் பதிவுகளைக் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து அனுப்புவது தமயந்தியின் வேலை. குரல்களை மாற்றி, பெயர்களை அழித்த பிறகுதான் பதிவுகள் அவளிடம் வரும்.

அன்று வந்ததில் ஒரு மனைவி கத்திக்கொண்டிருந்தாள். "ஒருநாள் இந்த வீட்டையே கொளுத்துறேன் பாரு." போன வாரம் மாமியாரிடம் தான் சொன்ன வார்த்தைகள் அவை என்று தமயந்திக்கு உறைத்தது. கணவன் செழியன் விவாகரத்து கேட்டிருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

பின்னணிச் சத்தத்தை நீக்கும் நாய்ஸ் ஃபில்டரை அணைத்துவிட்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி கேட்டாள். மிக்சி சத்தத்துக்கு அடியில் ஓர் ஆண் முணுமுணுத்தான். "இன்னும் கொஞ்சம் சீண்டும்மா. அவ வாய விடட்டும், எல்லாம் பதிவாகுது."

தமயந்தி அதையும் தட்டச்சு செய்தாள். தான் கத்தியதில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை.

செழியன் அறைக்குள் எட்டிப் பார்த்தான். "இன்னிக்கு யார் வீட்டுச் சண்டை?"

"நம்ம வீட்டுதுதான்."

அவன் முகம் வெளுத்தது. "அத அனுப்பாத. உக்காந்து பேசிக்கலாம்."

"அனுப்பியாச்சு. நீங்க பேசுங்க, கேக்குறேன்."

அவன் சுவரைப் பார்த்தான். அன்று முழுவதும் அந்த வீட்டில் யாருமே வாய் திறக்கவில்லை.